எஃகுக்குக் குளிர்ப்பதம்

ஒரு கருவியின் மதிப்பை அதன் எடையைக் கொண்டு அறிவார் இலர். அதன் முனை எத்துணைக் காலம் மழுங்காது நிற்கும் என்பதைக் கொண்டே அறிவர். ரிஷிவந்தியத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் கரும்பு வெட்டுவோரும் நெல் அறுப்போரும் தம் அரிவாளை நாள்தோறும் தீட்டியே வேலைக்குச் செல்கின்றனர். கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பம் செய்வோர்க்கு இக்கவலை இன்னும் மிகுதி. அவர்தம் கைத்திறத்திற்கு 2021 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இறைவன் திருவுருவின் கண்ணிமையையும் மாலையின் இதழையும் மரத்தில் செதுக்கும் நேரத்தில் உளியின் முனை சிறிது மழுங்கினாலும் மரநார் அறுபடாது கிழியும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் பழுதாகும். ஆகவே, உளி கூர்மையை நெடுநேரம் தாங்குதல் என்பது அவர்க்குப் பிழைப்பைப் பற்றிய செய்தியாகும்.

இத்தாங்கும் ஆற்றலை இரும்பிற்கு ஊட்டக் கொல்லர் பண்டுதொட்டுக் கையாண்டுவரும் முறையை நீங்கள் கண்டிருப்பீர்கள். உலைக்களத்தில் துருத்தி ஊதி, இரும்பைச் செக்கச்செவேலெனக் காய்ச்சி, குறட்டால் பற்றிப் பட்டடைக்கல்லின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்து உருவாக்குவர். பின்னர் மீண்டும் காய்ச்சி, அருகிலுள்ள நீர்த்தொட்டியில் சட்டென அமிழ்த்துவர். இதற்குத் தோய்ச்சல் என்று பெயர். அதன்பின் இளஞ்சூடு காட்டி, முனையில் படரும் நிறத்தைக் கூர்ந்து நோக்குவர். வைக்கோல் நிறம் தோன்றும் அளவில் நிறுத்தினால் முனை மிகவும் கடினமாக இருக்கும். ஊதாவும் நீலமும் பாயும்வரை விட்டால் கடினம் குறைந்து, உடையாத தன்மை கூடும். தீயும் நீரும் ஆகிய இரண்டு பதங்களோடு இக்காலத்தார் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துள்ளனர். அதுவே குளிர்ப்பதம். பனிக்கட்டியைவிடப் பன்மடங்கு குளிர்ந்த நிலையில் எஃகை ஒரு நாளோ அதற்கு மேலோ வைத்தெடுப்பது இம்முறை. இக்குளிர் எஃகினுள் என்ன செய்கிறது, எந்த எஃகுக்கு அது பயன்படும், எதற்குப் பயன்படாது என்பவற்றை இங்கே காண்போம்.

எஃகு என்னும் சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பழைய நூல்களில் இச்சொல் உலோகத்தை மட்டும் குறிப்பதில்லை. வேலையும் கூர்மையையும் அது உணர்த்தும். பொருளுக்கும் அப்பொருளின் குணத்திற்கும் ஒரே பெயர் அமைந்தமை எண்ணி மகிழத்தக்கது. உருக்கு என்பது மற்றொரு சொல். உருக்கிச் செய்யப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. தென்னாட்டு எஃகை ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்று வழங்கினர். அது நம் உருக்கோ, கன்னடத்து உக்கோ திரிந்து வந்த வடிவம் என்பர். ஜார்ஜ் பியர்சன் என்பார் 1795 ஆம் ஆண்டில் அவ்வெஃகைப் பற்றி இலண்டன் அரச கழகத்தில் ஆய்வுரை அளித்தார். மின்னியலால் புகழ்பெற்ற மைக்கேல் பாரடே, 1819 ஆம் ஆண்டில் அதனைப் பகுத்தாராய்ந்தார். அந்நாளில் உலகம் வியந்து நோக்கிய எஃகு அது.

அத்தகைய எஃகு செய்யப்பட்ட இடம் ஒன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே உண்டு. பண்டை உலோகத் தொழில்களை ஆராயும் சாரதா சீனிவாசன் என்னும் அறிஞர், பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில் கள ஆய்வு செய்தபோது, மேல்சிறுவள்ளூரில் உடைந்த மூசைகளைக் கண்டார். மூசை என்பது உலோகம் உருக்கும் மட்கலம். அம்மூசைகளின் உட்புறத்தில் ஒட்டிக்கிடந்த சிறுசிறு உலோகத் துளிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அவை கார்பன் மிகுந்த உயர்ந்த எஃகின் அமைப்பைக் காட்டின. இச்செய்தியை அவர் 1994 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

தென்னாட்டில் மூசை எஃகு செய்யப்பட்ட விதத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேரிற் கண்டோர் எழுதிவைத்துள்ளனர். தேனிரும்புத் துண்டுகளை மூசையில் இட்டு, அவற்றோடு ஆவாரங்கட்டையின் சிறு துண்டுகளைச் சேர்த்து, எருக்கிலை முதலிய பச்சிலைகளை மேலே பரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்து, உலையில் ஏற்றி நெடுநேரம் ஊதுவர். உள்ளிருக்கும் கட்டையும் இலையும் கரியாகி, அக்கரியிலுள்ள கார்பன் இரும்பில் ஏறும். நூறு பங்கு இரும்பிற்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு கார்பன் ஏறினால் அது சிறந்த உருக்காகும். இந்த ஒன்றரைப் பங்கிலேதான் கடினத்தின் காரணம் முழுவதும் அடங்கியுள்ளது. குளிர்ப்பதத்தின் காரணமும் அதுவே.

அதனை விளங்கிக்கொள்ள, இரும்பின் உள்ளே சிறிது நுழைந்து பார்த்தல் வேண்டும். இரும்பின் அணுக்கள் கண்டபடி சிதறிக் கிடப்பன அல்ல. வரிசை தவறாமல் நிற்பன. தூய இரும்பு, 912 பாகை செல்சியசுக்குக் கீழே ஒரு வகை அணிவகுப்பிலும், அதற்கு மேலே வேறொரு வகை அணிவகுப்பிலும் நிற்கும். மேலே கூறிய சூட்டு நிலை அணிவகுப்பில் கார்பன் அணுக்கள் புகுந்து தங்குவதற்கு இடைவெளி உண்டு. கீழ்நிலை அணிவகுப்பில் அத்தகைய இடம் இல்லை என்றே சொல்லலாம். சூட்டு நிலையில் உள்ள எஃகுக்கு ஆஸ்டினைட் என்று பெயர். இங்கிலாந்து நாட்டு ராபர்ட்ஸ் ஆஸ்டின் என்பாரின் நினைவாக அப்பெயர் வழங்குகிறது.

செஞ்சூட்டில் உள்ள எஃகை மெல்ல ஆறவிட்டால், இடமிழந்த கார்பன் அணுக்கள் வெளியேறி ஓரமாக ஒதுங்குவதற்கு நேரம் கிடைக்கும். அவ்வெஃகு மென்மையாகும். நீரில் சட்டெனத் தோய்த்தாலோ, வெளியேற நேரமின்றி அவை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அணிவகுப்பு மாற முயல்கிறது. நடுவே அகப்பட்ட கார்பன் அணு அதனை முழுமையாக மாறவிடாது நெருக்குகிறது. இந்த நெருக்கத்தில் விளையும் புதிய அமைப்பே மார்ட்டென்சைட். செர்மானிய அறிஞர் அடால்ப் மார்ட்டென்சின் பெயரால் அது வழங்குகிறது. அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல இயலாதவாறு நெருக்குண்டு நிற்பதால்தான் தோய்ச்சலுற்ற எஃகு அவ்வளவு கடினமாக இருக்கிறது. அதே காரணத்தால்தான், இளஞ்சூடு காட்டாமல் விட்டால் கண்ணாடிபோல் உடைந்தும் போகிறது.

இனி, கருத்தூன்றி அறிய வேண்டிய இடத்திற்கு வந்துள்ளோம். பாலுக்கு உறை ஊற்றிவிட்டால் நேரம் செல்லச் செல்லத் தயிர் தானே முற்றும். ஆஸ்டினைட், மார்ட்டென்சைட்டாக மாறுவது அத்தகையதன்று. அது நேரத்தை எதிர்பார்ப்பதில்லை, குளிர்ச்சியை எதிர்பார்க்கிறது. எஃகு குளிரக் குளிர மாற்றம் நிகழும். குளிர்தல் நின்றவுடன் மாற்றமும் நிற்கும். பின்னர் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பினும் எஞ்சியது பெரும்பாலும் எஞ்சியதாகவே இருக்கும். இம்மாற்றம் முற்றுப்பெறும் வெப்பநிலை எஃகுக்கு எஃகு வேறுபடும். கார்பன் குறைந்த எஃகில், நீர்த்தொட்டியின் குளிர்ச்சிக்கு வருமுன்னரே மாற்றம் முடிந்துவிடும். நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 பங்குக்கு மேல் கார்பன் இருந்தாலோ, அந்த எல்லை நாம் வாழும் வெப்பநிலைக்கும் கீழே இறங்கிவிடும். குரோமியம் முதலியன சேர்ந்த கருவி எஃகுகளில் இன்னும் கீழே போகும். சித்திரை மாதத்தில் நம் கொல்லர் தொட்டியின் நீர் முப்பது பாகை அளவில் இருக்கும். அந்நீரில் தோய்த்த உயர்கார்பன் எஃகு, பாதி வழியில் நின்றுவிட்ட பயணியை ஒத்தது. பெரும்பகுதி மார்ட்டென்சைட்டாகும், பத்தில் ஒரு பங்கோ, சிலவகைக் கருவி எஃகில் ஐந்தில் ஒரு பங்கோ ஆஸ்டினைட்டாகவே தங்கிவிடும். மேல்சிறுவள்ளூர் மூசையில் விளைந்ததைப் போன்ற எஃகை நீரில் தோய்த்தாலும் இதுவே நேரும்.

தங்கிய ஆஸ்டினைட்டால் கேடு யாது? அது மென்மையானது, ஆதலின், முனையில் அப்பகுதி விரைவில் தேய்கிறது. அதனினும் பெரிய கேடு, அது நிலையற்றது. வேலை செய்யும்போது உண்டாகும் அழுத்தத்தாலோ பிற்காலக் குளிராலோ அதில் ஒரு பகுதி மார்ட்டென்சைட்டாக மாறக்கூடும். அவ்வாறு மாறும்போது அதன் கனஅளவு பெருகும். சிற்பியின் உளிக்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. நூலிழையிலும் நுண்ணிய அளவு தவறலாகாத அளவுகோல்களுக்கும், பொறிகளின் பந்துத் தாங்கிகளுக்கும் இது பெருங்கேடு. செய்த நாளில் சரியாக இருந்த அளவு சில ஆண்டுகளில் பிறழ்ந்துவிடும்.

அங்ஙனமாயின், பாதி வழியில் நின்ற பயணத்தை முடித்துவைக்க எஃகை மேலும் குளிர்விக்க வேண்டும் என்பது வெளிப்படை. எத்துணைக் குளிர்? பனிக்கட்டியின் சுழிப் பாகை போதாது. உலர்பனி எனப்படும் உறைந்த கரிவளி சுழிக்குக் கீழ் 78 பாகை வரை குளிர்தரும். பல எஃகுகளின் எஞ்சிய ஆஸ்டினைட்டைப் பெரும்பாலும் குறைக்க அது போதும். அதற்கும் கீழே செல்ல, நீர்ம நைட்ரஜனை நாடுகின்றனர். நாம் உயிர்க்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே. அதனைக் குளிரவைத்து நீர்மமாக்கினால், சுழிக்குக் கீழ் 196 பாகையில் அது கொதிக்கும். கொதிப்பதென்றால் சுடும் என்று எண்ணற்க! விரலை நனைத்தால் சதை உறைந்து புண்ணாகும்.

இப்பொருள் ஏதோ தொலைநாட்டுச் சரக்கு என்று கருதவேண்டா. கால்நடை மருந்தகத்திற்குப் பசுவை ஓட்டிச் சென்றவர்கள், அங்கே குறுகிய கழுத்துள்ள அலுமினியக் கலம் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். மூடியைத் திறந்தவுடன் வெண்புகை வழியும். செயற்கைக் கருவூட்டலுக்குரிய உயர்சாதிக் காளையின் விந்து அக்கலத்துள் நீர்ம நைட்ரஜனில்தான் காக்கப்படுகிறது. அப்புகை நைட்ரஜனின் நிறம் அன்று. குளிர்ந்த காற்றிலுள்ள ஈரம் நுண்துளியாகித் தோன்றும் மூடுபனியே. சிற்றூரின் மாட்டுக்கு வந்த குளிர், உளிக்கும் வரலாம் அன்றோ?

ஆனால், உளியை அக்கலத்துள் சட்டென முக்கியெடுத்தால் போதும் என்று எண்ணுதல் தவறு. தோய்ச்சலில் விரைவு வேண்டும். குளிர்ப்பதத்தில் பொறுமை வேண்டும். முழுவதும் கடினமுற்ற எஃகை ஒரு நொடியில் அக்குளிரில் தள்ளினால் மேற்பகுதி சுருங்கும். உட்பகுதி சுருங்காது நிற்கும். இடையே விரிசல் காணும். ஆகவே, எஃகுப் பொருள்களை வெப்பம் புகாத பெட்டியுள் அடுக்கி, நைட்ரஜனின் குளிர்ந்த ஆவியை மெல்லச் செலுத்தி, நிமிடத்திற்கு ஓரிரு பாகை அளவில் குளிரை இறக்குவர். அடிக்குளிரை அடைந்தபின் ஒரு நாள் அளவோ அதற்கு மேலோ அந்நிலையில் வைத்திருப்பர். பின்னர் அதே பொறுமையோடு அறை வெப்பத்திற்குக் கொணர்வர். புதிதாகத் தோன்றிய மார்ட்டென்சைட்டும் உடையும் தன்மையுடையதாதலால், இறுதியில் 150 முதல் 200 பாகை வரையுள்ள இளஞ்சூடு காட்டியே கருவியைக் கையிற் கொடுப்பர். சிலவகை எஃகுக்கு இதனினும் மிகுந்த சூடு வேண்டும். கொல்லர் நிறம் பார்த்துச் செய்த அந்தப் பழைய வேலை இங்கும் விட்டுப்போகவில்லை.

ஆஸ்டினைட் மாறுவதற்குக் குளிர்ச்சி போதும். நேரம் வேண்டியதில்லை என்று முன்னர்க் கூறினோம். பின் எதற்காக ஒரு நாள் முழுவதும் குளிரில் வைக்கவேண்டும்? நுண்ணறிவுடைய மாணவர் இவ்வினாவை எழுப்பியே தீர்வர். இதற்கு விடை காண உலோகவியலார்க்கு நெடுங்காலம் ஆயிற்று. கடுங்குளிரில் மார்ட்டென்சைட்டின் அணிவகுப்பு மேலும் சுருங்கி, உள்ளே சிக்கிய கார்பன் அணுக்களை நெருக்குகிறது. அவை சிறிதே இடம்பெயர்ந்து, அருகருகே கூடத் தொடங்குகின்றன. பின்னர் இளஞ்சூடு காட்டும்போது, அக்கூட்டங்களே வித்தாகி, இரும்பும் கார்பனும் சேர்ந்த கார்பைடு என்னும் மிக நுண்ணிய மணிகள் எஃகு முழுவதும் விளைகின்றன. செம்மண்ணில் சிறுகல் கலந்து தளம் இட்டால் தேய்வு குறைவதை ஒப்ப, இம்மணிகள் தேய்வைத் தடுக்கின்றன. இத்தகைய நுண்மணிகளைக் குளிர்ப்பதம் பெற்ற கருவி எஃகில் கண்ட செய்தியை, மெங் என்பாரும் அவருடன் உழைத்தோரும் 1994 ஆம் ஆண்டில் சப்பானிலிருந்து வெளியான ஆய்விதழ் ஒன்றில் எழுதினர்.

நம் சென்னையிலும் இத்துறையில் உலகம் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று நிகழ்ந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மோகன் லால், ரெங்கநாராயணன், கலாநிதி ஆகிய மூவரும் மூன்றுவகைக் கருவி எஃகுகளைக் குளிர்ப்பதத்திற்கு உட்படுத்தித் தேய்வை அளந்து, 2001 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இளஞ்சூடு காட்டி முடித்த எஃகைச் சுழிக்குக் கீழ் 140 பாகையில் 24 மணி நேரம் வைத்தபோது பயன் விளையவில்லை. மாறாகத் தீமையே கண்டது. சுழிக்குக் கீழ் 180 பாகையில் அதே நேரம் வைத்தபோது நன்மை விளைந்தது. இளஞ்சூடு காட்டுமுன் குளிர்ப்பதம் பெற்ற எஃகோ, அதனினும் நெடிது உழைத்தது. ஒருவகையில் 3 விழுக்காடும், மற்ற இரண்டில் 10, 10.6 விழுக்காடும் ஆயுள் கூடியதாகக் கணித்தனர். தோய்ச்சலுக்குப் பின் காலம் தாழ்த்தினாலும், சூடு காட்டினாலும், எஞ்சிய ஆஸ்டினைட் இறுகி, எளிதில் மாறாத நிலையை அடைந்துவிடும். தோய்ச்சலும் குளிரும் அடுத்தடுத்து வரவேண்டும் என்பதற்கு இது சான்று. வங்கத்தில் சிவபூர்ப் பொறியியல் பல்கலைக்கழகத்தில் வேறொரு கருவி எஃகை ஆராய்ந்தவர்கள், 36 மணி நேரம் வைத்தலே மிகவும் ஏற்றது என்று கண்டனர். அதற்கு மேல் வைத்தால் பயன் கூடுவதற்கு மாறாகக் குறைந்தது. சோறு குழைந்தபின் மேலும் வேகவைப்பார் உண்டோ? பதம் என்ற சொல்லின் பொருளை இவ்வாய்வு நன்கு விளக்குகிறது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். குளிரில் இரும்பு நொறுங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோமே என்பீர்கள். அதுவும் உண்மையே. 1943 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அமெரிக்க நாட்டில் ஸ்கெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் கடற்சோதனை முடிந்து துறையில் அமைதியாக நின்றிருந்தபோது, பேரொலியோடு நடுவே பிளந்தது. பற்றவைப்பின் குறைகளோடு குளிரில் நொறுங்கும் எஃகின் இயல்பும் அதற்குக் காரணமாயிற்று. ஆயின், குளிரில் வேலை செய்தல் வேறு. குளிரில் சிலகாலம் இருந்து மீண்டு வந்து வேலை செய்தல் வேறு. உளி, குளிர்ப்பெட்டியுள் எதனையும் செதுக்குவதில்லை.

இடையறாது குளிரிலேயே உழைக்கும் கலங்களுக்கு வேறுவகை உலோகம் வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில், விண்கலப் பொறிகளைச் சோதிக்கும் இடத்தில், சுழிக்குக் கீழ் 253 பாகையுள்ள நீர்ம ஐதரசனைக் கையாள்கின்றனர். இத்தகைய குளிருக்கு நிக்கலும் குரோமியமும் சேர்ந்த துருவேறா எஃகு ஏற்றது. அவ்வெஃகு எக்குளிரிலும் பெரும்பாலும் ஆஸ்டினைட்டாகவே நிற்கும், ஆதலின் நொறுங்குவதில்லை. உளியில் குற்றமாக எண்ணி நாம் விரட்டும் அதே ஆஸ்டினைட், அங்கே காவலாக நிற்பதைக் காண்க.

குளிர்ப்பதத்தைப் பற்றி மிகைபடப் பேசுவோர் உளர். சவரக்கத்தி முதல் இசைக்கருவியின் நரம்புவரை எல்லாம் இதனால் மேம்படும் என்று விளம்பரம் செய்கின்றனர். அமெரிக்கப் பேராசிரியர் பாரன் என்பார் 19 உலோகங்களைச் சோதித்து 1982 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இவ்வாரவாரத்திற்குத் தக்க விடையாகும். கருவி எஃகுகளின் தேய்வுத்தடை மிகக் கூடிற்று. துருவேறா எஃகில் ஓரளவே கூடிற்று. கார்பன் குறைந்த சாதாரண எஃகிலும் வார்ப்பிரும்பிலும் சொல்லத்தக்க பயன் இல்லை. மாற வேண்டிய ஆஸ்டினைட்டும், நுண்மணியாக விளைய வேண்டிய கார்பனும் இல்லாதவிடத்துக் குளிர் எதனைச் செய்யும்?

இவ்வளவையும் கொண்டு நம் பக்கத்துக் கருவிகளை நோக்கினால் உண்மை எளிதில் புலப்படும். ஏரின் கொழு மென்மையான இரும்பு. அதற்குக் குளிர்ப்பதம் வீண்செலவு. பழைய லாரியின் வில்பட்டையை அடித்துச் செய்யும் அரிவாளில் கார்பன் ஓரளவே உண்டு. தொட்டி நீரிலேயே அதன் மாற்றம் ஏறத்தாழ முடிந்துவிடும். கொல்லரின் கைப்பதமே அதற்குப் போதும். கார்பன் மிகுந்த எஃகாலோ, கடைசல் பொறியில் வழங்கும் அதிவேக எஃகாலோ ஆன உளிக்கே இது தகும். ஓர் உளிக்காக நைட்ரஜன் வாங்குவதோ கட்டுப்படியாகாது. திறந்த கலத்தில் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். பலர் உளிகளைத் திரட்டி, பெருந்தொழில் நகரங்களில் இப்பணியைச் செய்யும் பட்டறைக்கு ஒருங்கே அனுப்பினால் செலவு தாங்கக்கூடியதாகும். அவ்வாறு அனுப்புவோர் ஒன்றை மறத்தலாகாது. பழைய உளிகளைவிட, தோய்ச்சல் முடிந்த அண்மையிலேயே செல்லும் புதிய உளிகளே முழுப்பயன் பெறும்.

முலாம் பூசிய கருவியைத் தீட்டினால் முலாம் போகும். குளிர்ப்பதம் அவ்வாறு மேற்பூச்சாக நிற்பதன்று. எஃகின் உட்புறம் முழுவதும் பரவி நிற்பது. ஆதலின் எத்தனை முறை தீட்டினும் புதிதாக வெளிப்படும் முனையும் அப்பதம் உடையதாகவே இருக்கும். அதனைக் கெடுப்பது சூடு ஒன்றே. சாதாரணக் கார்பன் எஃகால் ஆன உளியைச் சுழலும் சாணையில் நீர் தொடாமல் அழுத்திப் பிடித்து, முனையில் நீலம் பாயவிட்டால், அவ்விடம் முந்நூறு பாகை வரை காய்ந்துவிட்டது என்று அறிக. நீலம் பாய்ந்த பகுதி முழுவதும் கடினம் இழந்திருக்கும். அவ்வளவையும் தேய்த்து நீக்கிய பின்னரே பழைய கூர்மை நிற்கும். அருகில் ஒரு கிண்ணம் நீர் வைத்துக்கொண்டு, அடிக்கடி நனைத்து மெல்லத் தீட்டுவதே முறை.